பெயரிட்டவர் யார்? கிரேக்கப் புராணமும் மக்கட்பெயரும்

ஒரு சமுதாயத்தின் சமய நம்பிக்கையை அறிய விரும்புவோர் அச்சமுதாயத்தினர் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களை ஆராய வேண்டும் என்பது வரலாற்று மாணவர்க்குப் பெரும்பாலும் முதலாண்டிலேயே சொல்லப்படும் பாடம். முருகன், கண்ணன், இலட்சுமி, சரசுவதி என்று தெய்வங்களின் பெயர்களையே மாற்றமின்றிப் பிள்ளைகளுக்குச் சூட்டிவரும் எமக்கு இப்பாடம் ஐயத்துக்கிடமின்றிப் பொருந்துவதாகத் தோன்றும். இவ்வெண்ணத்தோடு பண்டைக் கிரேக்கத்தின் பக்கம் திரும்பும் மாணவன் முதலில் ஏமாற்றமே அடைவான். ஹோமரின் காவியங்களையும் சோபொக்கிளீசின் நாடகங்களையும் படித்த அவன், ஏதென்ஸ் நகர வீதிகளில் அக்கிலீஸ், ஹெக்டர், அப்பொலோ எனும் பெயருடையோர் நிறைந்திருப்பர் என்று எதிர்பார்த்துச் செல்கிறான். ஆனால் கி.மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஏதெனியக் கல்வெட்டுகளிலும் நீதிமன்றப் பேச்சுகளிலும் அவன் சந்திப்பவர் பெரிகிளீஸ், டெமொஸ்தெனீஸ், நிகியஸ், அப்பொலொடோரஸ், டயொனீசியஸ் முதலானோரே. அக்கிலீசையும் அப்பொலோவையும் அங்கே குடிமக்களிடையே காண்பது மிக அரிது.

இவ்வரிய நிலைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை எழுந்ததற்கு முதற் காரணம். விடை தேடிச் செல்லுமிடத்து வேறொரு வினா குறுக்கிட்டது. புராணப் பெயரொன்று ஒருவனுக்கு இடப்பட்டிருப்பின் அது அவனுடைய நம்பிக்கையை எந்தளவு காட்டுகிறது? அதைவிட, அவனுக்குப் பெயரிடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையன்றோ அது தெளிவாகக் காட்டுகிறது?

கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் இரு சொற்கள் இணைந்த தொகைப் பெயர்கள். புகழ், வலிமை, மக்கள், குதிரை, போர், சிறப்பு முதலிய பொருள் தரும் சொற்கள் ஒன்றோடொன்று இணைந்து பெயராகும். டெமொஸ்தெனீஸ் என்பதில் மக்களும் வலிமையும் உள்ளன. பிலிப்பொஸ் என்பவன் குதிரைகளை நேசிப்பவன். தெய்வங்களும் இத்தொகைகளின் உள்ளேதான் இடம்பெற்றன. அப்பொலொடோரஸ் அப்பொலோவின் கொடை. ஹெர்மொஜெனீஸ் ஹெர்மீஸ் வழி வந்தவன். டயொனீசியஸ் டயொனீசஸ் தெய்வத்துக்கு உரியவன். டிமெட்றியஸ் டிமீற்றர் என்னும் தானியத் தெய்வத்துக்கு உரியவன். பிள்ளையைத் தெய்வத்தின் கொடை என்று சொல்லலாம், தெய்வத்துக்கு உரியது என்று சொல்லலாம். தெய்வமென்றே அழைத்தல் கூடாது என்பதே அவர்தம் உள்ளக்கிடக்கை போலும். இறந்தோர் உலகை ஆளும் ஹேடீசின் பெயரோ இத்தொகைகளிலும் இடம்பெறுவதில்லை. எந்தத் தகப்பன் தன் மகனை மரண தேவனின் கொடை என்று அழைப்பான்?

பீற்றர் பிரேசர் என்னும் அறிஞரின் முயற்சியால் 1972இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட கிரேக்க மக்கட்பெயர் அகராதித் திட்டத்தின் முதற்றொகுதி 1987இல் வெளிவந்தது. கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடிக்கு நிகரான பப்பிரசுச் சுருள், இலக்கியம் என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்த பெயர்களை அது ஒன்றுதிரட்டித் தந்தது. மிகப் பரவலாக வழங்கிய பெயர்களுள் டயொனீசியஸ் முன்னணியில் நிற்கின்றது. மதுவுக்கும் வெறியாட்டுக்கும் உரிய தெய்வத்தின் பெயர், கடைக்காரன் முதல் சிராகூஸ் நகரின் சர்வாதிகாரி வரை எல்லோராலும் தாங்கப்பட்டது. இப்பெயரைத் தாங்கியோர் எல்லோரும் டயொனீசசின் அடியார் என்று முடிவுகட்டுவது எத்துணை மடமை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தாத்தாவின் பெயர் அதுவாக இருந்தது. ஆகவே பேரனுக்கும் அதுவாயிற்று. பெரும்பான்மையோர்க்கு இவ்வளவே காரணம்.

இங்குத் தமிழ் மாணவன் தனக்குப் பழக்கமான நிலத்தில் காலூன்றலாம். தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடுதல் கிரேக்கரிடையே உறுதியாக நிலவிய வழக்கு. தமிழில் பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். யாழ்ப்பாணத்து அரசர் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை ஒருவர் விட்டு ஒருவராகப் பூண்டமையும் இவ்வழக்கோடு ஒருவாறு ஒப்புநோக்கத் தக்கது. இவ்விரு இனத்தாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் இதனைக் கடன்பெற்றனர் என்று வாதிடுவதற்கு இடமில்லை. அவ்வாறு வாதிடுவோர் எம்மிடையே இல்லாமலும் இல்லை. இறந்த முதியோர் குடும்பத்துள் மீண்டும் ஒலிக்க வேண்டும் என்ற ஆசை மனித இயல்பு. அதற்கு மொழித் தொடர்பைத் தேட வேண்டியதில்லை.

ஆயின் வீரர்களின் பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஹோமர் தம் கற்பனையில் படைத்தவையா? 1952இல் மைக்கல் வென்ரிஸ் என்னும் கட்டடக் கலைஞர், களிமண் ஏடுகளில் பொறிக்கப்பட்டிருந்த இலீனியர் பி எனும் எழுத்தைப் படித்தறிந்து, அதன் மொழி கிரேக்கமே என்று காட்டினார். கிரீற்றுத் தீவிலுள்ள நொசொஸ், தென்கிரேக்கத்திலுள்ள பைலொஸ் ஆகிய அரண்மனைகளின் கணக்கேடுகள் அவை. ஆட்டு மந்தை, எண்ணெய், தானியம், நிலக்குத்தகை என்பவற்றின் நடுவே அக்கிலீஸ் என்றும் ஹெக்டர் என்றும் படிக்கத்தக்க பெயர்கள் வெளிப்பட்டன. அவற்றைத் தாங்கியோர் வீரர் அல்லர். அரண்மனைக் கணக்கரின் பட்டியலில் ஒரு வரியாக அமைந்த சாதாரண மாந்தர். பைலொஸ் அரண்மனை ஏறத்தாழ கி.மு. 1200 அளவில் தீக்கிரையானது. அத்தீயே அக்களிமண் ஏடுகளைச் சுட்டு இறுக்கி எமக்காகக் காத்தது. ஆகவே காவியத்தின் வீரர்களுக்கு வழங்கிய பெயர்களுட் சில ஒருகாலத்தில் ஊரவர் பெயர்களாகவே இருந்தன. காவியம் அவற்றை எடுத்து உயர்த்தியது. உயர்த்தியபின் ஊரவர் அவற்றைத் தம் பிள்ளைகளுக்கு இடத் தயங்கினர் போலும். ஒரு பெயர் அளவுக்கு மீறிப் புகழ்பெறின் அது வீட்டுக்கு உதவாத பெயராகிவிடுகிறது என்று இதனைக் கொள்ளலாம்.

இத்தயக்கம் அரச குடும்பங்களுக்கு இருக்கவில்லை. எபிரஸ் நாட்டு மொலோசிய மன்னர் தாம் அக்கிலீசின் மகன் நெயொப்டொலெமசின் வழித்தோன்றல்கள் என்று உரிமை கோரினர். அம்மகனுக்குப் பிரஸ் என்றும் ஒரு பெயர் உண்டு. நெயொப்டொலெமஸ், பிரஸ் எனும் இரு பெயர்களும் அக்குடும்பத்தில் அரசர் பெயர்களாயின. மகா அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாஸ் இக்குடும்பத்தவள். அவளுடைய தந்தையின் பெயர் நெயொப்டொலெமஸ். அலெக்சாந்தர் தனக்கும் பார்சீனுக்கும் பிறந்த மகனுக்கு ஹெரக்கிளீஸ் என்று பெயரிட்டான். மக்கிடோனிய மன்னர் ஹெரக்கிளீசின் வழிவந்தோர் என்பது அவர்தம் அரசியல் உரிமைக் கூற்று. இங்கே புராணப் பெயர் பக்தியைக் காட்டவில்லை. அரியணைக்கான உறுதிப் பத்திரமாகச் செயற்படுகிறது.

பெயரிடுதல் ஓர் உரிமை என்பதைக் கிரேக்கப் புராணமே பலவிடத்தும் அறிந்து பேசுகிறது. ஒடிசியஸ் பிறந்தபோது அவனுடைய தாய்வழிப் பாட்டன் ஒட்டொலிக்கஸ் இதாக்காவுக்கு வருகிறான். விருந்துண்டு முடிந்ததும் செவிலித்தாய் யூரிக்கிளெயா குழந்தையை அவன் முழந்தாள்மீது கிடத்திப் பெயரிடுமாறு வேண்டுகிறாள். அவனோ களவிலும் பொய்ச் சத்தியத்திலும் வல்லவன். உலகில் பலருடைய வெறுப்பைத் தேடிக்கொண்டவன். ஆகவே வெறுப்பையும் சினத்தையும் சுட்டும் வினைச்சொல்லோடு ஒட்டி ஒலிக்கும் ஒடிசியஸ் என்னும் பெயரைப் பேரனுக்கு இடுகிறான். பிள்ளையின் பெயரில் பிள்ளையைப் பற்றி யாதும் இல்லை. பெயரிட்டவனின் வாழ்க்கையே பதிந்துள்ளது. ஒடிசி காவியத்தின் 19ஆம் காண்டத்தில் வரும் இந்நிகழ்ச்சி, கால்கழுவும் செவிலி வடுவைக் கண்டு அவனை இனங்காணும் இடத்தில் நினைவுகூரப்படுகிறது. உடலில் உள்ள வடுவும் நாவில் உள்ள பெயரும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டும் பிறரால் ஏற்பட்டவை. இரண்டையும் அவனால் அழிக்க முடியாது.

அப்பெயரை ஒருமுறை அவன் துறந்தான். ஒற்றைக்கண் அரக்கன் பொலிபீமசின் குகையில், தன் பெயர் 'ஒருவருமில்லை' என்று சொல்லி உயிர்தப்புகிறான். குருடாக்கப்பட்ட அரக்கன் உதவிக்குக் கூவியும், தன்னைத் துன்புறுத்துவோர் 'ஒருவருமில்லை' என்று அவன் சொல்லக் கேட்ட அயலவர் திரும்பிச் சென்றுவிடுகின்றனர். இவ்வளவோடு நின்றிருந்தால் ஒடிசியஸ் விரைவில் வீடு சேர்ந்திருப்பான். கப்பலில் ஏறிய பின்னர் அவனால் பொறுக்க முடியவில்லை. தன் பெயரையும் தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் உரக்கக் கூவி அறிவிக்கிறான். அப்பெயர்களைச் சொல்லியே அரக்கன் தன் தந்தையாகிய கடற்றெய்வம் பொசைடனிடம் சாபம் வேண்டுகிறான். பெயரின்றி வாழ்தல் பாதுகாப்பானது. ஆயினும் மனிதனால் அது இயலாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறும் கதை வேறு உண்டோ என்பது ஐயமே.

ஈடிப்பசின் நிலை இன்னும் கொடிது. அவன் பெயருக்கு வீங்கிய பாதம் என்பது பொருள். பெற்றோர் அவனுடைய கணுக்கால்களைத் துளைத்துப் பிணைத்து மலையில் எறியக் கொடுத்தனர். அந்தப் புண்ணினாலேயே அவன் இப்பெயர் பெற்றான் என்று சோபொக்கிளீசின் நாடகத்தில் கொறிந்திலிருந்து வரும் தூதன் கூறுகிறான். பெற்றோர் பெயரிட மறுத்த பிள்ளைக்கு அவர்கள் செய்த காயமே பெயராயிற்று. தன் பெயருக்குள்ளேயே தன் பிறப்பின் மறை இருந்தும் அவன் அதனைப் படிக்கவில்லை.

புராணத்தை விட்டு ஏதென்சின் நீதிமன்றத்துக்குச் செல்வோம். கி.மு. 348 அளவில் டெமொஸ்தெனீஸ் ஒருவனுக்காக எழுதிக் கொடுத்த வழக்குரை எமக்குக் கிடைத்துள்ளது. வழக்காளியின் பெயர் மன்றிதெயஸ். எதிராளி அவனுடைய தந்தைக்குப் பிளாங்கன் என்னும் வேறொரு பெண்ணிடம் பிறந்தவன், பியோற்றஸ் எனப்பட்டவன். தந்தை மன்றியாஸ் அவனையும் அவன் தம்பியையும் தன் மக்கள் என்று ஏற்க விரும்பவில்லை. நடுவர் முன்னிலையில் பிளாங்கன் சத்தியஞ் செய்ய மறுத்துவிடுவாள் என்று தந்தைக்கும் அவளுக்குமிடையே மறைவான உடன்பாடு இருந்ததாம். அவளோ துணிந்து சத்தியஞ் செய்துவிட்டாள். தந்தைக்கு வேறு வழி இருக்கவில்லை. இருவரையும் குலச் சங்கத்தில் பதிவுசெய்தான், ஆனால் பியோற்றஸ் என்ற பெயரில். தந்தை இறந்தபின் பியோற்றஸ் ஊர்ப் பதிவேட்டில் தன்னை மன்றிதெயஸ் என்று எழுதுவித்துக்கொண்டான். ஒரு தந்தைக்கு, ஓர் ஊரில், ஒரே பெயரில் இரு மக்கள் ஆயினர்.

வழக்காளியின் குறைகள் நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தூண்டுவன. பதவிக்குச் சீட்டுக் குலுக்கும்போது மன்றியாசின் மகன் மன்றிதெயஸ் என்று பெயர் விழுந்தால் அது இருவருள் யார்? வரிக் கடமைக்கு அழைக்கப்பட்டால் யார் செல்வது? ஒருவன்மீது தீர்ப்பு எழுதப்பட்டால் மற்றவன் கடனாளியாகத் திரிவதா? இவை வெளிப்படையான வாதங்கள். உள்ளே கிடக்கும் உண்மையான பிணக்கு வேறு. மன்றிதெயஸ் என்பது தந்தைவழிப் பாட்டனின் பெயர். பிறந்த பத்தாம் நாள் விருந்தில் தந்தையே எனக்கு அதை இட்டார் என்கிறான் வழக்காளி. நானே மூத்தவன், ஆகவே பாட்டனின் பெயர் எனக்கே உரியது என்பது எதிராளியின் நிலை. பல்லாண்டுகளாகத் தந்தையால் மறுக்கப்பட்டவன் சொத்தோடு நிறைவடையவில்லை. குடும்பத்தின் நடுவிலிருந்த அந்த ஒரு சொல்லையே வேண்டினான். அவன்மீது எமக்குச் சிறிது இரக்கம் பிறப்பதை டெமொஸ்தெனீசின் வாதத்திறனாலும் தடுக்க முடியவில்லை. நீதிமன்றமும் அவனுடைய பெயரைப் பறிக்கவில்லை. பின்னர் எழுந்த வேறொரு வழக்கிலும் இருவரும் ஒரே பெயருடனேயே நிற்கின்றனர்.

இவ்வழக்குரையில் மற்றொன்றும் நோக்கத் தக்கது. எதிராளியின் தாய் பிளாங்கன் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறாள். வழக்காளியின் தாயோ பொலியறற்றசின் மகள் என்று மட்டுமே குறிக்கப்படுகிறாள். மானமுள்ள குடும்பப் பெண்ணின் பெயரை மன்றத்தில் உரைத்தல் தகாது. பெயர் சொல்வதே இழித்துரைக்கும் வழி. மகன்மாருடைய பெயருக்காக நடந்த இப்போரில் அவர்களுள் ஒருவனைப் பெற்ற தாயின் பெயரை நாம் இன்றும் அறியோம்.

பெயர் பற்றிய குடும்பப் பிணக்கை அரிஸ்டொபனீஸ் கி.மு. 423இல் அரங்கேறிய 'முகில்கள்' நாடகத்தில் வேடிக்கையாக்கியுள்ளார். உயர்குடி மனைவி பிள்ளையின் பெயரில் குதிரை இருக்க வேண்டும் என்கிறாள். நாட்டுப்புறக் கணவன் சிக்கனத்தைச் சுட்டும் தன் தந்தையின் பெயரை வேண்டுகிறான். ஈற்றில் இரண்டையும் ஒட்டிப் பெய்டிப்பிடீஸ் என்று பெயராகிறது. சிக்கனமும் குதிரையும் ஒரே மகனிடம். அவன் தந்தையின் பணத்தையெல்லாம் குதிரைப் பந்தயத்தில் அழிக்கிறான் என்பது நாடகத்தின் தொடக்கம்.

இனி, இவ்வுரிமைகள் எவையும் இல்லாதோர் ஏதென்சில் இருந்தனர். பிளேட்டோவின் கிறற்றிலஸ் உரையாடல் பெயர்கள் பற்றியது. பெயர் பொருளோடு இயற்கையாகப் பொருந்துவதா, அன்றி வழக்கினால் அமைந்ததா என்பதே அங்கே வாதம். வழக்கினால் அமைந்ததே என்று வாதிடும் ஹெர்மொஜெனீஸ் காட்டும் எடுத்துக்காட்டு எம்மைத் திடுக்கிட வைக்கிறது: நாம் எம் அடிமைகளின் பெயர்களை மாற்றுவதில்லையா, மாற்றிய பெயரும் முன்னைய பெயரைப் போலவே சரியாகத்தானே இருக்கிறது என்கிறான் அவன். மெய்யியல் நூலின் தொடக்கத்திலே ஒரு மொழியியல் உண்மைக்குச் சான்றாக ஒரு சமுதாயக் கொடுமை வந்து நிற்கிறது. உரையாடுவோர் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நாமும் இந்நூலை மொழியியல் வகுப்பிற் படிக்கும்போது இவ்வரியைத் தாண்டியே செல்கிறோம்.

அவ்வடிமைகளுக்கு என்ன பெயர் இட்டனர்? ஏதெனியர் அடிமைகளை அவர்தம் நாட்டால் லிடியன், சிரியன் என்றழைத்தனர். அல்லது அந்நாடுகளில் பெருவழக்காயிருந்த பெயர்களால் அழைத்தனர் என்று புவியியலறிஞர் ஸ்றாபோ எழுதுகிறார். பிரிஜியா நாட்டு அடிமைக்கு அவர் காட்டும் பெயர்கள் இரண்டு: மானீஸ், மைடாஸ். தொட்டதெல்லாம் பொன்னாகிய மன்னன் மைடாசை அறியாதார் யார்? ஏதென்சின் குடிமகன் தன் மகனுக்கு அக்கிலீஸ் என்று பெயரிடக் கூசினான்; சந்தையில் வாங்கிய பிரிஜியனை மைடாஸ் என்று கூப்பிட அவன் கூசவில்லை. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் தேடிய புராணப் பெயர் ஈற்றில் அடுக்களையிலும் வெள்ளிச் சுரங்கத்திலுமே அகப்படுகிறது.

உரோமில் இது பெருவழக்காயிற்று. அடிமைக்குப் பெயரிடும் முறையை உரோமை அறிஞர் வாறோ ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். எபேசு நகரில் மூவர் ஆளுக்கொரு அடிமையை வாங்குகின்றனர். ஒருவன் விற்றவனாகிய ஆட்டெமிடோரசின் பெயரை ஒட்டி ஆட்டெமாஸ் என்கிறான். மற்றவன் வாங்கிய நாடாகிய அயோனியாவை ஒட்டி அயன் என்கிறான். மூன்றாமவன் நகரை ஒட்டி எபேசியன் என்கிறான். சொற்கள் திரிபடையும் முறையைக் காட்டவே வாறோ இதனை எழுதினார். அவர் இலக்கணத்தைச் சொல்ல, நாம் சந்தையைக் காண்கிறோம்.

பற்றுச்சீட்டைப் போன்ற இப்பெயர்களோடு தெய்வப் பெயர்களும் வந்தன. கிரேக்கர் தம் பிள்ளைகளுக்கு இடத் துணியாத ஹெர்மீஸ், ஈறொஸ் எனும் வெறுந் தெய்வப் பெயர்கள் உரோமில் அடிமைகளிடையேயும் விடுதலை பெற்ற அடிமைகளிடையேயும் மிகுதியாகக் காணப்படுகின்றன. தன் நிழலைக் கண்டு மயங்கிய நார்சிசசின் பெயரைத் தாங்கியவன் பேரரசர் கிளோடியசின் செயலாளன், விடுதலை பெற்ற அடிமை, பெருஞ்செல்வன். விடுதலை பெறுபவன் தன் ஆண்டையின் குடும்பப் பெயரை முன்னே சேர்த்துக்கொள்வான். அடிமைப் பெயர் இறுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கல்லறைக் கல்வெட்டைப் படிப்பவர் அதைக் கொண்டே இவன் அல்லது இவன் முன்னோன் அடிமையாயிருந்தான் என்று ஊகிப்பர். தெய்வத்தின் பெயர் தாழ்வின் அடையாளமாயிற்று.

கிறிஸ்தவம் பரவியதும் இப்பெயர்கள் ஒழிந்திருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். ஒழியவில்லை. உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதி அதிகாரத்தில் புனித பவுல் பெயர் சொல்லிக் குறிப்பிடுவோரிடையே பீபி, ஹெர்மீஸ், நெரெயஸ் என்போர் உளர். முதலாவது நிலாத் தெய்வத்தோடு தொடர்புற்ற பெயர், இறுதியது கடல் முதியோனின் பெயர். அவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்றுமாறு பவுலும் கேட்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் இறந்த செவில் நகர ஆயர் புனிதர் இசிதோரின் பெயருக்கு எகிப்தியத் தெய்வமாகிய ஐசிசின் கொடை என்பது பொருள். எமது நாட்டின் கத்தோலிக்கக் குடும்பங்களில் இசிதோர், தெனிஸ், பிலிப்பு எனும் பெயர்கள் வழங்குகின்றன. ஐசிசின் கொடையும் டயொனீசசின் உரிமையாளனும் ஞாயிறுதோறும் பூசைக்குச் செல்கின்றனர். அவர்கள் தாங்குவது ஐசிசையன்று, இசிதோர் என்னும் புனிதரை. அல்லது இசிதோர் என்ற பாட்டனை.

பெயரிடும் உரிமையைச் சமய பீடம் கேட்டு நின்ற ஒரு வேளையும் உண்டு. துருக்கிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் கற்ற கிரேக்கர் தம் பிள்ளைகளுக்குப் புனிதர் பெயர்களை விடுத்துப் பண்டை வீரர் பெயர்களைச் சூட்டத் தொடங்கினர். 1819இல் கொன்ஸ்தாந்திநோபிளின் பிதாப்பிதா ஐந்தாம் கிரகோரி, திருமுழுக்குப் பெறும் குழந்தைகளுக்குப் பழங் கிரேக்கப் பெயரிடும் இப்புதுமையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். ஈராண்டுகளுக்குள் புரட்சி வெடித்தது. இதாக்காத் தீவிற் பிறந்த ஒடிசியஸ் அந்துருற்சொஸ் அப்புரட்சியின் தளபதிகளுள் ஒருவன். 1821இல் துருக்கியர் பிதாப்பிதாவையே தூக்கிலிட்டனர். விடுதலை பெற்ற நாட்டில் பண்டைப் பெயர்கள் பெருகின. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் குடிமகன் இடக் கூசிய பெயர் இப்போது நாட்டுரிமையின் கொடியாயிற்று.

இலத்தீனும் கிரேக்கமும் கற்ற ஐரோப்பியர் கீழைக் கடல்களில் ஆதிக்கம் பெற்றபோது உரோமரின் இன்னொரு வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். 1652இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றமொன்றை நிறுவியது. அங்கு வேலைசெய்ய வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை, மலாய்த் தீவுகள், மடகஸ்கார் முதலிய இடங்களிலிருந்து அடிமைகள் கொண்டுசெல்லப்பட்டனர். யாழ்ப்பாணக் கோட்டையும் கொழும்பும் அன்று அதே கம்பனியின் கையில் இருந்தன. ஆவணங்களில் அவ்வடிமைகளுக்குப் பெயரும் ஊரும் சேர்த்து எழுதப்பட்டன. வான் சைலோன் என்றால் இலங்கையிலிருந்து வந்தவர். முன்னே நிற்கும் பெயர் ஆண்டை இட்டது. சிலருக்குச் சனவரி, செத்தெம்பர் என மாதப் பெயர்கள். சிலருக்கு விவிலியப் பெயர்கள். சிலருக்கு அப்பொலோ, கியூப்பிடோ. உரோமில் ஈறொஸ் என்று அழைக்கப்பட்ட அதே தெய்வம் இலத்தீன் உருவில் மீண்டும் அடிமையாயிற்று.

இவர்களுள் ஒருவர் கொறிடோன் வான் சைலோன். கொறிடோன் என்பது கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் புலவர் தியொக்கிறிற்றசின் முல்லைநிலப் பாடல்களில் வரும் ஓர் ஆயனின் பெயர். கொண்டை வானம்பாடியைச் சுட்டும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. உரோமைப் புலவர் வெர்ஜிலின் பாடலில் கைகூடாத காதலால் புலம்பும் ஆயனும் கொறிடோனே. இலத்தீன் வகுப்பில் அப்பாடலைப் படித்த எவரோ இலங்கையிலிருந்து வந்த ஓர் அடிமைக்கு அதனைச் சூட்டினர், அல்லது அவ்வாறு சூட்டும் வழக்கைப் பின்பற்றினர். கொறிடோன் பின்னர் விடுதலை பெற்றார், இசுலாமியராக வாழ்ந்தார். கேப் நகரின் டோர்ப் வீதியில் 1794இல் ஒரு காணியையும் வீட்டையும் தம் உடைமையாக்கினார். அவருடைய குடும்பத்துக்குரிய அவ்விடத்திலேயே தென்னாபிரிக்காவின் முதலாவது பள்ளிவாசலாகிய அவ்வல் பள்ளிவாசல் எழுந்தது. அங்கே முதன்முதல் இமாமாக இருந்தவர் தீதோரேத் தீவிலிருந்து அரசியற் கைதியாகக் கொண்டுவரப்பட்ட துவான் குரு.

பள்ளிவாசல் இன்றும் அவ்வீதியில் உள்ளது. அரபு மொழியில் அவ்வல் என்றால் முதலாவது என்பது பொருள். அப்பெயரை இட்டோர் அங்கே தொழுதவர்களே. அதன் காணி உறுதியில் இருக்கும் பெயர் கொறிடோன்.